பதினொரு விநாடி அமைதி

1

இந்தக் கதை என் தம்பியுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், கை காயும்வரை உட்கார்ந்து சொன்னான். சொல்வதற்கு முன்னும் "எழுதிடாதக்கா" என்றான். சொன்ன பின்னும் "எழுதிடாதக்கா" என்றான். நடுவில் மட்டும் சொல்லவில்லை. நடுவில் இருப்பதைத்தான் எழுதுகிறேன்.

பேச்சை முடித்தான். எழுந்து போய்க் கை கழுவினான். செருப்பை மாட்டிக்கொண்டு, மழை வருமா என்று வானத்தைப் பார்த்தான். கதையை என் வீட்டிலேயே மூடி வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு போனான். நான் கதவைச் சாத்திவிட்டு வந்து நோட்டைத் திறந்தேன்.

அவன் கைபேசிச் செயலி எழுதுகிறவன். மூடிய பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் செயலி எழுதுவதில் கெட்டிக்காரன் என்று அலுவலகத்தில் பெயர். அவனாவது அக்காவைப் பற்றி யோசித்திருக்க வேண்டும்.

தொடக்கங்கள்:

"மூடுவது என்றால் என்ன?" (அடித்துவிட்டேன். பள்ளிக் கட்டுரைப் போட்டி.)

"என் தம்பி நல்லவன்." (அடித்துவிட்டேன். முதல் வரியிலேயே வக்காலத்து.)

"ஒரு வீட்டில் ஒரு பெரியவர் கண்டதையெல்லாம் மூடிக்கொண்டிருந்தார்." (இது இருக்கட்டும்.)

2

ஒரு வீட்டில் ஒரு பெரியவர் கண்டதையெல்லாம் மூடிக்கொண்டிருந்தார்.

சர்க்கரை டப்பா. பற்பசை. ஜன்னல். காற்றுக்காகத் திறந்து வைத்திருந்த மீன் தொட்டி. மகள் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தைக் கையிலிருந்து வாங்கினார், மூடினார், மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்பா, நான் படிச்சிட்டிருக்கேன்."

"தெரியுதும்மா. மூடி வைக்கச் சொல்றா."

"யாரு?"

"யாரோ ஒரு பொம்பள. 'போதும், மூடி வை'ங்கிறா. கோவமா இல்ல. சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவ மாதிரி."

"அவ சொன்னா நீங்க செய்யணுமா?"

"அத்தன தடவ சொல்றாம்மா. பாவமா இருக்கு."

"எப்பல்லாம் சொல்றா?"

"காலைல ஒம்பதுக்கு ஆரம்பிப்பா. சாயங்காலம் அஞ்சுக்கு நிறுத்திடுவா. ஞாயித்துக்கிழமை கிடையாது."

"வார லீவு வேறயா?" என்றாள் மகள். அவள் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. சிரித்துவிட்டு, பிறகு சிரித்ததற்காகக் கழிவறைக்குள் போய் அழுதாள். (அழுதது உண்மையா என்று எனக்குத் தெரியாது. நான் வைத்தேன்.)

பெரியவர் முப்பத்தெட்டு வருடம் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்று வைத்திருந்தார். நுனியை ஓடும் என்ஜின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, உள்ளே எது தேய்கிறது என்று சொல்வார். பிரித்துப் பார்த்தால் அதுதான் தேய்ந்திருக்கும். இப்போது இடுப்பெலும்பு உடைந்து, வாக்கரைப் பிடித்து நடக்கிறார். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வருகிறாள். ஒன்பதிலிருந்து ஐந்துவரை. ஞாயிறு விடுமுறை.

நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். அந்த வீட்டில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. மகள் பகலெல்லாம் பள்ளியில். மருத்துவருக்கோ அவரிடம் செலவழிக்க ஏழு நிமிடம்.

"குரல் என்ன சொல்லுது?"

"மூடி வைக்கச் சொல்லுது."

"நீங்க மூடாட்டி என்ன ஆகும்?"

"திரும்பச் சொல்லும் டாக்டர். பதினோரு செகண்டுல."

மருத்துவர் 'பதினொன்று' என்று எழுதி அடிக்கோடு போட்டார். காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. இரண்டு வாரத்தில் மெக்கானிக்கின் கை நடுங்கத் தொடங்கியது. கரண்டி பல்லில் மோதியது. குரல் நிற்கவில்லை. மருத்துவர் இரண்டை நான்காக்கினார்.

3

இனி தம்பி.

அவன் வேலை பார்க்கும் நிறுவனம்தான் வீடுகளுக்குப் பராமரிப்பாளர்களை அனுப்புகிறது. நாலாயிரம் பேர். எல்லார் கைபேசியிலும் நிறுவனத்தின் செயலி. வீட்டுக்குள் நுழையும்போது திறக்க வேண்டும், வேலை முடிந்தால் மூடலாம். திறந்திருக்கும்வரை, அலுவலகச் சுவரில் மாட்டிய திரையில் ஆளுக்கொரு பச்சைப் புள்ளி தெரியும். மூடினால் புள்ளி போய்விடும்.

மேலாளருக்குப் புள்ளி போவது பொறுக்கவில்லை.

"அஞ்சு மணிக்கு மேல எங்கப்பா போறாங்க?"

"வீட்டுக்குப் போவாங்க சார்."

"நீ பாத்தியா? நம்ம கஸ்டமர் வீட்டுலயே தனியாப் பேசித் தனியா வேலைக்குப் போறாங்களாம். இடையிடையே ஆப்ப மூடிட்டு வேற வீட்டுக்கு ஓடுறவங்களும் உண்டாம். புள்ளி இருந்தா தெரியும்ல?"

"மூடிட்டா ஃபோனே ஆப்பக் கொன்னுடும் சார். பேட்டரி மிச்சமாகணும்ல."

"மூடினா சாகுற ஆப் எழுத நீ எதுக்கு? அத எம்பொண்ணே எழுதுவா. ஒம்பதாவது படிக்கிறா."

ஒரு வழி இருந்தது. கைபேசி எல்லாச் செயலிகளையும் கொல்வதில்லை. பாட்டுப் போடும் செயலியை விட்டுவிடும், மனிதர்கள் திரையை மூடிவிட்டும் பாட்டுக் கேட்பார்கள் என்பதால். ஆகவே நம் செயலி பாட்டுப் போடுவதாக நடிக்க வேண்டும். சத்தமே இல்லாத பாட்டு. திரும்பத் திரும்ப. பாட்டு ஓடும்வரை செயலி உயிரோடிருக்கும், புள்ளியும் இருக்கும்.*

சுழியங்களை மட்டும் வரிசையாக அடுக்கி ஓர் ஒலிக்கோப்பு செய்து பார்த்தான். கைபேசி பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துக் கொன்றது. ஒன்றுமே இல்லாத ஒலி அதற்குச் சந்தேகம். ஆகவே நிஜமான அமைதி வேண்டும். ஓர் அறையின் அமைதி, காற்றோடு, சுவரோடு.

ஞாயிறு மதியம் வீட்டிலேயே பதிவு செய்தான். பிள்ளைகள் இருவரும் நீச்சல் வகுப்புக்குப் போயிருந்தார்கள். மின்விசிறியை நிறுத்தினான். ஜன்னலைச் சாத்தினான். குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினான். கட்டிலில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி உட்கார்ந்தான். சாப்பிட வரச்சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு, மூன்றாவதாக அவன் மனைவி அறை வாசலில் வந்து நின்றாள். ஏதோ சொன்னாள். "ம்" என்றான்.

பன்னிரண்டு வருடம் ஆன கணவன். காதில் விழும், பதியாது. ஒலிவாங்கிக்குக் கல்யாணம் ஆகவில்லை.

தன் 'ம்' கேட்ட இடத்துக்கு முன்னால் வெட்டினான். பதினொரு விநாடி கிடைத்தது. ஒலியளவை அடிமட்டத்துக்கு இறக்கினான். செயலியில் சேர்த்து நாலாயிரம் கைபேசிகளுக்கும் அனுப்பினான். அனுப்பும் முன் ஒரு தடவை போட்டுக் கேட்கவில்லை. அமைதியைப் போய் யார் போட்டுக் கேட்பார்கள்?

குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கை மாட்டவும் மறந்தான். பால் கெட்டுப்போனது. அன்று வீட்டில் நடந்த சண்டை அதற்காக மட்டும்தான்.

* பாட்டு ஓடுகிறது என்று கைபேசி மேலே ஒரு சின்னக் குறி காட்டும். காட்டியே ஆக வேண்டும், அது விதி. தம்பி குறியின் நிறத்தையும் அது நிற்கும் பட்டையின் நிறத்தையும் ஒன்றாக்கினான். விதி மீறப்படவில்லை. மேலாளர் இந்த ஏற்பாடு மொத்தத்துக்கும் 'தொடர் அக்கறை' என்று பெயர் வைத்தார். ஒப்பந்தத்தின் பதினேழாவது பிரிவில் இருக்கிறது. நாலாயிரம் பேரும் ஒப்புதல் கொடுத்திருக்கிறார்கள், கட்டைவிரலால்.

4

இந்தப் பகுதியில் நிறுவனத்தின் பெயர், கட்டடம், மேலாளரின் கார் எல்லாம் இருந்தன. நீக்கிவிட்டேன். எனக்கும் கொஞ்சம் பயம் உண்டு.

5

சின்ன அலுவலகம். பராமரிப்பாளர்களின் புகார் அழைப்புகளை ஆளுக்கு வாரம் ஒரு மணி நேரம் எடுக்க வேண்டும். தம்பியின் முறை வியாழன் மூன்று மணி. அழைத்தவளின் பெயரைத் திரை காட்டாது. பணியாளர் எண் மட்டும் காட்டும். 212.

"ஹலோ! சார்! உங்க ஆப் பேசுது சார்!"

காதிலிருந்து கருவியைச் சற்றுத் தள்ளிப் பிடித்தான். "ஆப் பேசாதும்மா. மெதுவாச் சொல்லுங்க."

"எனக்குக் காது கொஞ்சம் மந்தம் சார், அதான் கத்துறேன். எனக்கும் அது பேசுறது கேக்கல. நான் பாத்துக்கிற ஐயாவுக்குக் கேக்குது."

"அவருக்கு எத்தன வயசு?"

"எழுபத்திநாலு. வயசக் கேட்டதும் முடிவு பண்ணிடாதீங்க சார், டாக்டரும் இதத்தான் மொதல்ல கேட்டாரு."

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. "சரி, என்னதான் நடந்துச்சு?"

"ரெண்டு மாசமா ஒரு பொம்பள பேசுறான்னு சொல்லிட்டிருக்காரு. மாத்திர குடுத்து ஆளே தொங்கிப்போயிட்டாரு. இன்னிக்கு என்ன பண்ணாரு தெரியுமா? ஸ்க்ரூடிரைவர எடுத்தாரு. வாக்கரத் தள்ளிக்கிட்டு ஒவ்வொரு இடமா வச்சு வச்சுக் காதக் குடுத்தாரு. சுவரு, பீரோ, மீன் தொட்டி. நான் எத்தனையோ தடவ, ஐயா உக்காருங்க, விழுந்துடப் போறீங்கன்னா கேக்கல. கடைசில ஆணில மாட்டியிருந்த என் ஹேண்ட்பேக் மேல வச்சாரு. வச்சவரு எடுக்கவே இல்ல. கை நடுங்குது, ஸ்க்ரூடிரைவரும் நடுங்குது. 'இதுக்குள்ளதாம்மா இருக்கா'ங்கிறாரு."

தம்பி குறிப்பெழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தான்.

"பேக்குல ஃபோன் மட்டும்தான் சார் இருந்துச்சு. எனக்குக் கேக்காதுன்னு சத்தத்த எப்பவும் ஃபுல்லாத்தான் வச்சிருப்பேன். அணைச்சுப் பாத்தேன். 'போயிட்டா'ங்கிறாரு. போட்டேன். 'வந்துட்டா'ங்கிறாரு. ஒவ்வொரு ஆப்பா எடுத்துத் தூக்கினேன். உங்க ஆப்பத் தூக்கினப்பதான் சார் நின்னுச்சு. திரும்பப் போட்டுட்டேன், இல்லாட்டி வேலைக்கே வரலன்னு போட்டுடுவீங்க."

"என்ன... என்ன சொல்லுதாம் அந்தக் குரல்?"

"'போதும், மூடி வை'ன்னு."

தம்பி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அக்கா, எனக்கு மொதல்ல கெட்டுப்போன பால் ஞாபகம் வந்துச்சு."

6

அன்று மாலை காதொலிக் கருவி மாட்டி, ஒலியை முழுக்க ஏற்றி, தன் அமைதியைத் தானே முதல் தடவையாகக் கேட்டான். எட்டு விநாடி ஒன்றுமில்லை. ஒன்பதாவது விநாடியில் மனைவி வந்தாள்.

கருவியைக் கழற்றி அவள் காதில் வைத்தான். கேட்டாள். இன்னொரு தடவை கேட்டாள்.

"இது நான்தானே?"

"ம்."

"இது எங்க ஓடுது?"

சொன்னான்.

"நாலாயிரம் ஃபோன்ல, நாள் பூரா, மூடி வை மூடி வைன்னு சொல்லிட்டிருக்கேனா நான்?"

"ரொம்ப மெதுவாத்தான்."

"அப்படியும் ஒரே ஒருத்தர்தான் கேட்டிருக்கார். அதுவும் வேற வீட்டு மனுஷன்."

அவன் மறுநாளே வேறு அமைதி பதிவு செய்தான். இந்த முறை அறையைப் பூட்டிக்கொண்டு. இந்த முறை போட்டுக் கேட்டு. நாலாயிரம் கைபேசிகளுக்கும் அனுப்பினான். மனைவியிடம், "சரி பண்ணிட்டேன், அவருக்குக் குரல் நின்னுடும்" என்றான். மேலாளரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாமல் தவறு திருத்தப்பட்டது. இந்தத் தொழிலில் அதற்குத்தான் பாராட்டு.

கதை இங்கே முடிந்திருந்தால் நகைச்சுவைக் கதை. இரண்டு வாரம் கழித்து, வியாழன் மூன்று மணி, 212.

"சார்! குரல் நின்னுடுச்சு சார்!"

"நல்லதும்மா."

"ஃபோன்லதான் கேக்குதுன்னு நான் சொன்னத யாரும் நம்பல, டாக்டருக்கு ஒரே சந்தோஷம். மாத்திரைய நாலாக்கினதும் கேட்டுடுச்சு பாருங்கன்னாரு. வியாதி இதுதான்னு உறுதியாயிடுச்சாம். இனிமே நிறுத்தவே கூடாதாம், ஆயுசுக்கும்."



"அவர் என்ன சொல்றாரு?"

"என்ன சொல்வாரு? பாதி நேரம் தூக்கம். முந்தாநாள் ஸ்க்ரூடிரைவர மகள்கிட்டக் குடுத்துட்டாரு. 'மண்டைக்குள்ள கேட்டத வெளிய கேட்டதா நெனச்சுட்டேன். இனி இது எதுக்கு'ன்னாரு." முதல் தடவையாக அவள் கத்தாமல் கேட்டாள்: "சார், நான் சொன்னதுக்கப்புறம் நீங்க அந்த ஆப்புல ஏதாச்சும் பண்ணீங்களா?"

"இல்லையேம்மா."

அதுதான். தம்பி செய்தது இரண்டு தவறு. முதலாவதை அமைதி என்று நினைத்துச் செய்தான். இரண்டாவதை அமைதியாக இருந்து செய்தான். (இந்த இரண்டு வாக்கியமும் கொஞ்சம் பகட்டு. அடிக்க மனமில்லை.)

உண்மையைச் சொன்னால் பதினேழாம் பிரிவு வெளியே வரும். நாலாயிரம் பேர் கேட்பார்கள். எழுதியவன் யார் என்று மேலாளர் கை காட்டுவார். வேலை போகும். சொல்லாவிட்டால் ஒருவர், தன் காது சரியாக இருந்தது என்று தெரியாமலேயே, ஆயுளுக்கும் நாள் ஒன்றுக்கு நான்கு மாத்திரை விழுங்குவார்.

மனைவியிடம் இதைச் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. அக்காவிடம் வந்தான். அக்கா கேட்டுக்கொண்டாள். அக்கா நன்றாகக் கேட்பாள்.

7

மேலாளர்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. பேசுகிற மூன்று தடவையும் கெட்டவராக இருக்கிறார். அப்படி ஓர் ஆள் இருந்தால் கதைக்கு வசதி, ஆகவே நம்ப முடியாது. தம்பியைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"உங்க மேலாளர் எப்படிப்பட்டவர்டா?"

"நல்லவர்க்கா. ஆபீஸ்ல யாருக்குப் பிறந்தநாள்னாலும் கேக் வாங்குவார். அவர் காசுல. ஏன் கேக்குற?"

"சும்மாத்தான்."

"எழுதலதானே?"

"சே சே."

ஆகவே: மேலாளர் கேக் வாங்குவார்.

(அந்தச் 'சே சே' எனக்குப் பதினேழாம் பிரிவு.)

8

முடிவுகள்:

அ. தம்பி அந்த வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுகிறான். உண்மையைச் சொல்கிறான். மெக்கானிக் அவன் தோளில் கை வைக்கிறார்.

என் தம்பியை எனக்குத் தெரியும். தையற்காரர் ஒரு கையை நீளமாகத் தைத்துவிட்டால், தைத்தவர் மனம் நோகும் என்று அந்தக் கையை மடித்துவிட்டுக்கொண்டே மூன்று வருடம் நடந்தவன். கதவைத் தட்டமாட்டான். அடித்துவிட்டேன்.

ஆ. அந்த ஒரு கைபேசிக்கு மட்டும் பழைய பதிவைத் திரும்ப அனுப்புகிறான். குரல் வருகிறது. இந்த முறை மகளும் கேட்கிறாள்.

நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மகள் காதில் விழாவிட்டால் நான்கு மாத்திரை ஆறாகும். கதைக்காக ஒருவருக்கு மருந்தைக் கூட்ட எனக்கு மனம் வரவில்லை. (பொய். ஒரு நாள் முழுக்க வந்தது.)

இ. ஒன்றும் நடக்கவில்லை. மெக்கானிக் ஜன்னலருகே உட்கார்ந்திருக்கிறார். தெருவில் ஒரு பேருந்து போகிறது. என்ஜினுக்குள் ஏதோ தேய்கிறது. அவருக்குக் கேட்கிறது. அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இதுதான் என்று தோன்றியது. ஜன்னலும் பேருந்தும் என் சொந்தச் சரக்கு. படிப்பவர் பெருமூச்சு விடுவார், பக்கத்தைத் திருப்புவார், எதையும் செய்ய வேண்டியிருக்காது. 'சொல்லவில்லை' என்று முடிப்பதா 'சொல்வதில்லை' என்று முடிப்பதா என்பதில் மட்டும் மூன்று நாள் போனது.

9

தம்பி மனைவி பேசும் இடங்கள் சரியாக வந்திருக்கின்றனவா என்று பார்க்க, அவளையே படிக்கச் சொன்னேன். தம்பியிடம் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை வந்தாள். பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். எதையும் நின்றுகொண்டே படிப்பாள்.

"'அவன் மனைவி'ன்னே போட்டிருக்கீங்களே அண்ணி. எனக்குன்னு ஒண்ணும் கிடையாதா?"

"பேர் போடக் கூடாதுன்னுதான்."

"பல்லாஸ்பத்திரின்னாவது போட்டிருக்கலாம்." பக்கம் திருப்பினாள். "பன்னெண்டு வருஷக் கணவன், காதுல விழும், பதியாது. இது நல்லா இருக்கு." சிரித்தாள். "கெட்டுப்போன பால். அன்னிக்கு நான் போட்ட சத்தத்த எழுதலையா?"

"இடம் இல்ல."

ஆறாம் பகுதிக்கு வந்தாள். பாதியில் சிரிப்பு நின்றது. ஒரு பக்கம் பின்னால் போய்த் திரும்ப வந்தாள்.

"இந்த மாத்திர விஷயம் நீங்க கற்பனையா எழுதினதுதானே?"

நான் தண்ணீர் குடித்தேன்.

"அண்ணி."

"உங்கிட்ட அவன் சொல்லலையா?"

"குரல் நின்னுடுச்சுன்னு மட்டும்தான் சொன்னார். பூட்டின ரூமுக்குள்ள ரெண்டாந்தடவ அமைதி பதிஞ்சப்ப நான்தான் வெளிய காவல் நின்னேன். எல்லாம் சரியாயிடுச்சுன்னு நெனச்சிட்டிருக்கேன்." தாளை மேசைமேல் வைத்தாள். "உங்ககிட்ட எப்பச் சொன்னார்?"

"ஒரு மாசம் இருக்கும்."

"இந்த ஒரு மாசமா நீங்க என்ன பண்ணீங்க?"

"எழுதிட்டிருந்தேன். முடிவுதான் சரியா வரல."

அவள் விரல் விட்டு எண்ணவில்லை. வரவேற்பு மேசையில் அந்த மாதிரிக் கணக்கெல்லாம் பழக்கம். "ஒரு நாளைக்கு நாலு. நூத்திருபது மாத்திர அண்ணி. சொல்லவில்லையா சொல்வதில்லையான்னு நீங்க யோசிச்சது மட்டும் பன்னெண்டு."

நான் தாள்களை ஒழுங்காக அடுக்கத் தொடங்கினேன். 

"அந்தம்மா நம்பர் இருக்கா? 212?"

இருந்தது. அன்று தம்பி கை கழுவப் போனபோது அவன் கைபேசி மேசைமேல், 212-இன் தொலைபேசி எண்ணோடு, திறந்தே கிடந்தது. எப்போதாவது தேவைப்படும் என்று குறித்துக்கொண்டேன். முதல் பகுதியில் இதைச் சொல்லாமல் விட்டேன். (வாக்கியம் நீளமாகிவிடும் என்று.)

"நீ போனா அவனுக்கு வேலை போயிடும்," என்றேன்.

"போகலாம். அத நான் அவர்கிட்டப் பேசிக்கிறேன், கதவத் தட்டத்தான் அவருக்குப் பயம், நான் சொன்னா உக்காந்து கேட்பார். ஆனா அது அவர் குரல் இல்லையே அண்ணி. என்னோடது. என்னக் கேக்காம நாலாயிரம் பைக்குள்ள பேச வச்சாச்சு. இந்த ஒரு வீட்டுல நானாப் போய்ப் பேசிக்கிறேன்."

"மாத்திரைய உடனே நிறுத்தச் சொல்லிடாத."

"தெரியும். படிப்படியாத்தான் குறைக்கணும், டாக்டர்தான் செய்யணும். மகள்கிட்டச் சொல்லி, மகள் அவர்கிட்டச் சொல்லி, அந்த ஏழு நிமிஷத்துல நாமளும் உக்காரணும்." செருப்பை மாட்டினாள். என் கை பேனாவைத் தேடியதைப் பார்த்துவிட்டாள். "போதும் அண்ணி. மூடி வைங்க."

மூடி வைத்தேன்.

(அவள் படியிறங்கும் சத்தம் நின்றதும் திறந்தேன். இல்லாவிட்டால் இந்தப் பகுதி உங்களுக்கு எப்படிக் கிடைத்திருக்கும்?)

10

செவ்வாய்க்கிழமை அந்த வீட்டுக்குப் போனாள். மகள் பள்ளிக்கு விடுப்பு எடுத்திருந்தாள். தம்பி மனைவி அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்து, அதே மேசையில் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் சொன்னாள். சொல்லி முடித்த பிறகு, "இது கதைக்கு இல்ல அண்ணி" என்றாள்.

இதுவரை என்னிடம் அப்படிச் சொன்ன எல்லாரும் அச்சில் இருக்கிறார்கள்.

"கதவுவரைக்கும் எழுதிக்குங்க," என்றாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு. "அதுக்கப்புறம் நடந்தது அந்த மனுஷனோடது."

ஆகவே கதவுவரை.

கதவைத் திறந்தது மகள். மெக்கானிக் நாற்காலியில் சரிந்திருந்தார், ஜன்னலருகே இல்லை, மீன் தொட்டிக்கு எதிரே. அந்த வீட்டின் ஜன்னல் தெருப்பக்கமே இல்லையாம். பேருந்துக்கு வாய்ப்பே கிடையாது. மருந்துப் பட்டையில் ஆறு மாத்திரை மிச்சம். ஸ்க்ரூடிரைவர் பீரோவின் மேல், எட்டாத உயரத்தில். 212 தன் கைபேசியை அணைத்து, அணைத்ததை மகளிடம் காட்டி, பையை ஆணியில் மாட்டினாள். சம்பளத்தை வெட்டினால் வெட்டட்டும் என்று சத்தமாகச் சொன்னாளாம், எதிர் வீட்டுக்கும் கேட்கும்படி. தம்பி மனைவி உள்ளே போகவில்லை. செருப்போடு வாசலிலேயே நின்றாள். வெட்கமாக இருந்தது என்றாள். பன்னிரண்டு வருடமாக ஒருவர் காதிலும் பதியாத மூன்று சொற்களை, எப்போதும் சொல்கிற அதே அலுப்போடு, யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நின்று சொன்னாள்.

மெக்கானிக் தலையைத் திருப்பினார்.

இதுவரைதான் அனுமதி. அவர் முதலில் என்ன கேட்டார், பீரோவின் மேலிருந்து எதை யார் இறக்கினார்கள், அந்த ஆறு மாத்திரை என்ன ஆயின, எல்லாம் எனக்குத் தெரியும். நான் எழுதிய எந்த முடிவைவிடவும் நன்றாக இருக்கிறது. நோட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தம்பியின் வேலையைப் பற்றியும் கேட்காதீர்கள். இந்தக் கதை உங்கள் கைக்கு வந்திருக்கிறது, அதிலிருந்து நீங்களே தெரிந்துகொள்ளலாம்.

கீழே கொஞ்சம் இடம் விடுகிறேன்.

(                                        )

மெக்கானிக் தலையைத் திருப்பிய இடத்திலிருந்து, பதினொரு விநாடிக்கு, உங்களுடையது. அவசரத்தில் சுழியங்களை அடுக்கி அனுப்பிவிடாதீர்கள். நிஜமான ஆட்கள் இருக்கும் அறை அது. எழுதி முடித்ததும், யாருக்கும் காட்டும் முன், ஒரே ஒரு தடவை போட்டுக் கேளுங்கள்.